நாற்பது சதவீத டிவிடெண்டும் உன் தாய்மாமனும்

எய்யா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூரிலிருந்து பேசி முடித்த பிறகு, நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கிற பணத்தில் பாதியை ஒரு கம்பெனி ஷேரில் போடப் போவதாகச் சொன்னாய். விமானத்துக்கும் ராணுவத்துக்கும் பாகங்கள் செய்து கொடுக்கிற கம்பெனியாம், வருஷம் தவறாமல் டிவிடெண்ட் தருமாம், ரவி மாமா சொன்னாராம். மேடையில் தாய்மாமன் முறை ஒன்றும் குறையக் கூடாது என்றும் சொன்னாய். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். "ஏம்மா மாமாவை வேத்தாளு மாதிரி நடத்துற? அவர் பீஸ் கட்டலைன்னா நான் இன்னைக்கு இங்கன இருப்பேனா?" என்று கேட்டாய். நான் அதற்குச் சாப்பிட்டியா என்று கேட்டேன். நீ கோபமாக வைத்துவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. உன் அப்பா உயிரோடு இருக்கும்வரை அதைச் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். அவர் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இனிமேல் சொல்லாமல் இருந்தால், எனக்கு நடந்தது உனக்கும் நடக்கும். அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். அவசரப்படாமல் முழுசாக வாசி.

உன் அப்பாவுக்கு அந்த விபத்து நடந்தபோது நீ எட்டாம் வகுப்பில் இருந்தாய். பட்டாசு ஆலையில் போர்மேன் என்பதால் புது ரகம் எதுவானாலும் அவர்தான் கொளுத்திப் பார்ப்பார். அன்றைக்கு மேலே போய் விரிய வேண்டிய வெடி தரையிலேயே வெடித்துவிட்டது. வலது கண் போனது, இரண்டு விரல் போனது. முதலாளி ஒரு தொகை கொடுத்துக் கணக்கு முடித்தார். அந்தத் தொகையைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இது எத்தனை வருஷத்துக்குக் காணும் என்றுதான் மனசு ஓடியது. பிரஸ்ஸில் புரூப் பார்க்கிற வேலையில் எனக்கு வந்த சம்பளம் வீட்டுச் செலவுக்குச் சரியாக இருக்கும். அவர் சம்பளம் நின்ற இடத்தை இந்தப் பணம்தான் அடைக்க வேண்டும். முதலைத் தொடவும் கூடாது, அதிலிருந்து வருஷா வருஷம் ஏதாவது வரவும் வேண்டும். பேங்கில் போடலாம் என்றால் அப்போது வட்டி வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் ரவி வந்தான். என் தம்பியைப் பற்றி உனக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் உனக்குத் தெரிந்த மாமன் வேறு, நான் வளர்த்த தம்பி வேறு. எங்கள் அம்மா சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. அவனுக்குத் தலை வாரி, சோறு போட்டு, பி.காம். வரைக்கும் படிக்க வைத்தது நான். என் கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, தம்பி படிப்பு முடியட்டும் என்று இரண்டு வருஷம் தள்ளிப் போட்டேன். விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கு மேல் மாடியில் ஷேர் புரோக்கர் ஆபீஸ் ஆரம்பித்தபோது, அவன் தனக்கென்று முதல் கணக்குத் திறந்தான். அந்த விண்ணப்பத்தில், தனக்குப் பிறகு யாருக்கு என்கிற நாமினி இடத்தில் என் பெயரைத்தான் எழுதினான். "எனக்கு என்ன ஆனாலும் எக்காவுக்குத்தான்" என்று சொல்லி அதன் நகலை என் கையில் கொடுத்தான். அப்படிப்பட்டவன் வந்து ஒரு கம்பெனியைக் காட்டினால் நான் நம்பாமல் என்ன செய்வேன்?

"நாப்பது சதவீதம் டிவிடெண்ட்க்கா" என்றான். உன் அப்பா கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "நாப்பதா? நூறு போட்டா நாப்பது ரூவாயா மாப்ள?" என்று கேட்டார். ரவி சிரித்துக்கொண்டு ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினான். எனக்கு அது சரியாகப் படவில்லை. எங்கள் பிரஸ்ஸுக்கு ஒவ்வொரு ஆடி மாசமும் பல கம்பெனிகளின் ஆண்டறிக்கை அச்சுக்கு வரும். எழுத்துப் பிழை பார்க்கப் போய், அதில் எழுதியிருப்பது என்ன என்று எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்திருந்தது. நாற்பது சதவீதம் என்பது ஷேரின் முகமதிப்புக்கு, அதாவது கம்பெனி முதலில் அதற்குப் போட்ட விலைக்கு. முகமதிப்பு பத்து ரூபாய், ஆகவே ஒரு ஷேருக்கு நாலு ரூபாய். ஆனால் நாம் வாங்கப் போவது எண்பது ரூபாய்க்கு. எண்பது போட்டு நாலு வந்தால் நூற்றுக்கு ஐந்துதான். இதைச் சொன்னதும் ரவி, "அதாம்க்கா, பேங்க் வட்டி மாதிரிதான். ஆனா பேங்க்ல இது ஏறாது, இங்கன வருஷா வருஷம் ஏறும்" என்றான். அதுவும் பொய்யில்லை. ஆனால் நான் கணக்குப் போட்டுக் கேட்டிருக்காவிட்டால், உன் அப்பாவை நாற்பது என்றே நம்ப விட்டிருப்பான். அந்தச் சின்ன விஷயத்தை அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. வியாபாரத்தில் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கம்பெனி பெங்களூருக்குப் பக்கத்தில் இருந்தது. விமானச் சக்கரத்துக்கான பாகங்கள், ராக்கெட் கூடுகள், அப்புறம் ராணுவம் சைகைக்காக மேலே சுடுகிற வெளிச்சக் குண்டுகள் என்று செய்துகொண்டிருந்தது. வெளிச்சக் குண்டு என்றதும் உன் அப்பாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "செவப்புக்கு அதே ஸ்ட்ரான்சியம், வெள்ளைக்கு அதே மெக்னீசியம். நம்ம பாக்குற வேலைதான், மேல பூசுற பெயிண்ட்தான் வேற" என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை எழுதி வைத்துக்கொள். இந்த மாதிரிக் கம்பெனியைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் இன்றுவரை கேட்டதில்லை.

"ஏன் மாப்ள, நம்ம சரக்கை மதுரைக்காரன் வேண்டாம்னா சேலத்துக்காரன் எடுத்துக்கிடுவான். விலையைக் கொறைச்சு எங்கயாச்சும் தள்ளிரலாம். ராணுவத்துக்காரன் சரியில்லைன்னு திருப்பி அனுப்புன சரக்கை எவன் வாங்குவான்?"

"அத்தான், அவுகளாவது திருப்புறதாவது? கவர்மெண்ட் ஆர்டர். அஞ்சு வருஷத்துக்கு ஆர்டர் கையில இருக்கு. நீங்க வெடிக் கடையோட சேத்துப் பாக்கீக."

பாதிப் பணத்தை பேங்கில் போட்டோம், பாதியில் ஷேர் வாங்கினோம். முதல் வருஷம் ஷேருக்கு நாலு ரூபாய், அடுத்த வருஷம் ஐந்து. ரவி ஆபீஸுக்குத் தபாலில் வந்த டிவிடெண்ட் வாரண்டை, அதாவது அந்தப் பணத்துக்கான செக்கை, அவன் கொண்டு வந்து கொடுத்த அன்றைக்கு உன் அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவரே பேங்குக்கு நடந்து போனார். விபத்துக்குப் பிறகு அவர் தனியாக வெளியே போனது அன்றைக்குத்தான். நீ கேட்டு அடம் பிடித்த சைக்கிள் அந்த இரண்டாவது வாரண்டில்தான் வந்தது. அப்போது எனக்கு என் தம்பியின் மேல் இருந்த பெருமையை எழுதினால் இப்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

மூன்றாவது ஆண்டறிக்கை வந்தபோது எனக்கு உறுத்த ஆரம்பித்தது. நான் எந்த அறிக்கையையும் முன்னாலிருந்து வாசிக்க மாட்டேன். முன்னால் விமானப் படமும் தலைவர் கடிதமும் இருக்கும். அது நம் பட்டாசுப் பெட்டியின் லேபிள் மாதிரி. கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கிற குறிப்புகளை முதலில் வாசிப்பேன். அங்கே மூன்று இடத்தில் எனக்குக் கண் நின்றது. விற்பனை கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் வாங்கினவர்கள் தர வேண்டிய பாக்கி அதைவிடப் பல மடங்கு ஏறியிருந்தது. நம் ஊரில் சரக்கை ஏற்றிவிட்டு, தீபாவளி முடிந்து பணம் வரும் வரைக்கும் காத்திருக்கிற கதை உனக்குத் தெரியும். அங்கே தீபாவளி இரண்டு வருஷமாக வரவில்லை. லாபம் என்று போட்டிருந்தார்கள், ஆனால் கைக்கு ரொக்கம் வரவில்லை. அப்படியானால் எங்களுக்கு டிவிடெண்ட் எங்கிருந்து வந்தது? கடன் பக்கத்தைப் பார்த்தேன். அந்த வருஷம் புதிதாக வாங்கின கடனும், எங்களுக்கெல்லாம் கொடுத்த டிவிடெண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. அதாவது கடன் வாங்கி எங்களுக்குப் பங்கு வைத்திருந்தார்கள். அதுவும் முந்தின வருஷத்தைவிடக் கூட்டி, ஷேருக்கு ஆறு ரூபாய்.

நான் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து விருதுநகர் போய், அறிக்கையை விரித்து வைத்து ரவியிடம் காட்டினேன். வித்துரலாமாலே என்று கேட்டேன். அவன் என்னைக் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நிதானமாகக் கேட்டான். பிறகு தானே பெங்களூர் போய் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னான். மெஷின் எத்தனை, ஆள் எத்தனை, காம்பவுண்டுக்குள் லாரி எப்படி நின்றது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். "கவர்மெண்ட் பணம் லேட்டாத்தான் வரும்க்கா, ஆனா வராம போவாது. நீ பேப்பரைப் பாக்குற, நான் எடத்தைப் பாத்துட்டு வந்திருக்கேன்" என்றான். நான் அறிக்கையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவன் பெண்டாட்டி போட்ட காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். என் கண் பார்த்ததை விட்டுவிட்டு என் தம்பி சொன்னதை எடுத்துக்கொண்டேன். நான் செய்த முதல் தப்பு அது.

அடுத்த தை மாசத்தில் மல்லாங்கிணறு ஊரில் உன் அப்பா பேரில் இருந்த மானாவாரி நிலத்தை விற்றோம். நீ பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாய். உன்னை இன்ஜினியரிங் சேர்க்க வேண்டும் என்பதற்காகவே விற்றோம். இதுதான் உனக்குத் தெரியாத விஷயம். நிலம் விற்றது கடனை அடைக்க என்றுதான் உன்னிடம் சொல்லியிருந்தோம். பணம் இருக்கிறது என்று தெரிந்தால் படிக்க மாட்டாய் என்று உன் அப்பாவுக்கு ஒரு பயம். அந்தப் பணம் வந்த செய்தி கேட்டு ரவி மறுநாளே வந்தான். காலேஜ் சேர ஆறு மாசம் இருக்கிறது, அதுவரை சும்மா கிடக்க வேண்டாம், நூற்று முப்பது வரை ஏறின விலை இப்போது நூறுக்கு இறங்கியிருக்கிறது, ஆறு ரூபாய் டிவிடெண்ட் என்றால் நூற்றுக்கு ஆறு, டிவிடெண்டை வாங்கிவிட்டு விற்றுவிடலாம் என்றான். விலை இறங்கினால் டிவிடெண்ட் தானாகவே பெரிசாகத் தெரியும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. விலை ஏன் இறங்குகிறது என்று கேட்டிருக்க வேண்டும். "செக்கை என் பேருக்கே எழுதுக்கா. ஆபீஸ் கணக்குல போட்டா ரெண்டு நாள் தாமசமாகும், விலை ஏறிரும்" என்றான். எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே ஷேர் கணக்கில் வந்துவிட்டது என்று போன் பண்ணினான். கணக்குத் தாள்கள் எல்லாம் அவன் ஆபீஸ் முகவரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தன; நீ வேலைக்குப் போறவ, எங்க வாங்கப் போற என்று ஆரம்பத்திலேயே அப்படி எழுதியிருந்தான்.

ஜூன் மாசம் கம்பெனி அறிவித்தது. ராணுவத்துக்கு அனுப்பின வெளிச்சக் குண்டுகளில் ஒரு பெரிய லோடு தரமில்லை என்று முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. இந்த ஆண்டு டிவிடெண்ட் இல்லை. உன் அப்பா கேட்ட கேள்வி அப்படியே நடந்தது. நூறு எண்பதாகி, அறுபதாகி, வாங்க ஆளில்லாமல் நாற்பதுக்கு வந்தது. விற்கச் சொன்னால், விற்க முடியவில்லை என்று ரவி சொன்னான். எனக்கு அப்போதும் அவன் மேல் கோபமில்லை. பாவம், அவனும் அதே ஷேரில் போட்டிருக்கிறான், அவனுக்கும்தானே நஷ்டம் என்று உன் அப்பாவிடம் நான்தான் வாதாடினேன். இதற்கு நடுவில், வாரண்ட் நம் வீட்டுக்கு வரட்டும் என்று நான் முன்பே முகவரி மாற்ற எழுதிக் கொடுத்திருந்தது நடைமுறைக்கு வந்து, மூன்று மாசக் கணக்குத் தாள் முதல் தடவையாக நம் வீட்டுக்குத் தபாலில் வந்தது. ஆறு மாசத்துக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லி இன்னொன்றும் வாங்கினேன்.

எனக்கு எந்தத் தாளையும் சும்மா வாசிக்கத் தெரியாது. எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பேன். முதலில் வாங்கின ஷேர்களுக்கு நேரே மார்க்கெட் என்று போட்டிருந்தது. நிலம் விற்ற பணத்தில் வந்த ஷேர்களுக்கு நேரே மட்டும் ஆஃப் மார்க்கெட் என்று போட்டு, ஒரு நீளமான எண் இருந்தது. அது மார்க்கெட்டில் வாங்கினது இல்லை, ஒரு ஆளின் கணக்கிலிருந்து நேராக என் கணக்குக்கு மாறினது என்று மறுநாள் எங்கள் பிரஸ்ஸுக்கு வருகிற ஆடிட்டர் ஒருவர் சொன்னார். யார் அந்த ஆள் என்று அவருக்குத் தெரியாது. அந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மத்தியானம் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரவி என்னை நாமினியாகப் போட்டுக் கொடுத்த நகல் அதில் இருந்தது, அதன் மேலே அவன் கணக்கு எண்ணும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு விரலை இதிலும் ஒரு விரலை அதிலும் வைத்து, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். பதினாறும் ஒன்றாக இருந்தது. மறுபடியும் பார்த்தேன். பிழை இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு நான் புரூப் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

அவன் ஆபீஸுக்குப் போனபோது நாலு மணி இருக்கும். கீழே மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் தனியாக இருந்தான். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன்.

"இது யாரு நம்பர்லே?"

"உக்காருக்கா, டீ சொல்றேன்."

"டீ வேண்டாம். யாரு நம்பர்?"

அவன் தாளைத் தொடவே இல்லை. "என்னுதுதான்" என்றான்.

"அப்ப நீ எனக்கு வாங்கித் தரல. உன்னுதை என் தலையில வித்திருக்க."

"அன்னைக்கு மார்க்கெட் விலைக்குத்தான்க்கா குடுத்தேன். ஒத்தப் பைசா கூட வைக்கல."

"மார்க்கெட்ல விக்க வேண்டியதுதானலே?"

"அம்புட்டையும் ஒண்ணா விட்டா விலை உடைஞ்சிரும். நான் வெளியில வட்டிக்கு வாங்கிப் போட்டிருந்தேன். கழுத்தைப் பிடிச்சிட்டாங்க. சரக்கு திரும்பப் போகுதுன்னு அங்கன வேலை பாக்குற ஒருத்தன் எனக்கு முன்னாடியே சொல்லிட்டான்."

"தெரிஞ்சேவா?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. அத்தானுக்குப் பாதிப் பணம் பேங்க்ல இருக்கு. உனக்குத் தாங்கும்னு நெனைச்சேன்."

எய்யா, பணம் போனதுகூட எனக்கு ஆறிவிட்டது. உனக்குத் தாங்கும் என்று அவன் சொன்னான் பார், அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் தாங்குவேன் என்பதை அவன் எங்கே தெரிந்துகொண்டான்? அவனுக்காக நான் தாங்கினதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவன் தொழிற்சாலைக்குப் போனானா என்று கேட்டேன். போகவில்லை என்றான். மெஷின் எத்தனை, லாரி எப்படி நின்றது என்றெல்லாம் சொன்னது அவன் மனசிலிருந்து சொன்னது. நான் அவனை அடிக்கவில்லை, சாபம் விடவில்லை. படியிறங்கும்போது என் செருப்பு அறுந்துவிட்டது. வெறுங்காலோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவன் மேலேயிருந்து எக்கா, எக்கா என்று கூப்பிட்டான். திரும்பவில்லை.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் குதிப்பார், வெட்டுவேன் குத்துவேன் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "பையனுக்குச் சொல்லாத. அவனுக்குத் தாய்மாமன் ஒருத்தன்தான் இருக்கான். என் பக்கத்துலயும் யாரும் இல்ல. நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவனுக்கு யாரு?" என்றார். என்னால் பொறுக்க முடியவில்லை. போலீஸுக்குப் போவோம் என்றேன். "செக்கை நீதானே அவன் பேருக்கு எழுதின? ஷேரும் உன் கணக்குக்கு வந்துருச்சு. என்னன்னு எழுதிக் குடுப்ப?" என்று கேட்டார். பிறகு அவரே ரவியை வரச் சொல்லிப் பேசினார். மொத்தமாகத் திருப்பித் தர அவனிடம் ஒன்றும் இல்லை. பேங்கில் இருந்ததைத் தொட்டால் வீடு நடக்காது என்பதால் உன்னை இன்ஜினியரிங்குக்குப் பதில் பாலிடெக்னிக்கில் சேர்க்க வேண்டும், அந்தப் பீஸையும் உன் ஹாஸ்டல் செலவையும் அவன் கட்ட வேண்டும், பையனுக்கு மட்டும் விஷயம் தெரியக் கூடாது என்று முடிவானது. நானும் ஒத்துக்கொண்டேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு, முதல் தப்பைவிடப் பெரிசு.

ஏனென்றால் அதை மறைக்க நான் உன்னிடம் பொய் சொன்னேன். கவுன்சிலிங்குக்கு சென்னைக்கு வரச் சொல்லி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ அடுப்படி வாசலில் நின்றாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல், "கணக்குல நீ அம்புட்டுக் கெட்டி இல்ல. இன்ஜினியரிங் போய் பாதியில நிக்கிறதுக்கு டிப்ளமோ போதும்" என்றேன். உனக்குக் கணக்கு வராது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை, எய்யா. பரீட்சைத் தாளில் உன் கணக்குகளைப் பார்த்து நான் பிரஸ்ஸில் எல்லாரிடமும் காட்டியிருக்கிறேன். நீ கடிதத்தை நாலாக மடித்தாய். இருபது நாள் என்னோடு பேசவில்லை. பாலிடெக்னிக் சேர்ந்த அன்றைக்கு ரவி பீஸ் கட்டினான். நீ எல்லார் முன்னாலும் அவன் காலில் விழுந்தாய். அவன் உன்னைத் தூக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். எதற்கு அழுதான் என்று எனக்கும் உன் அப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். அது உன் பணம். உன் அப்பாவின் நிலத்துப் பணம். அதற்கு நீ அவனிடம் இத்தனை வருஷம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாய், நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னை நம்பாத அம்மா, உன்னைத் தூக்கிவிட்ட மாமா என்று உன் மனசில் எழுதியிருக்கிறதை நான்தான் எழுத விட்டேன். அதற்கு என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். அவனுக்காகக் கேட்கவில்லை. எனக்காகக் கேட்கிறேன்.

இனி நீ சொன்ன கம்பெனிக்கு வருகிறேன். கோபத்தில் அதை வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது என்று, எங்கள் ஆடிட்டரிடம் சொல்லி அதன் கடைசி மூன்று ஆண்டறிக்கைகளை வாங்கி வாசித்தேன். அது மோசமான கம்பெனி இல்லை. பாக்கி ஏறுகிறது, ஆனால் விற்பனை ஏறுகிற அளவுக்குத்தான் ஏறுகிறது. மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம், லாபத்துக்குச் சமமாக ரொக்கமும் வந்திருக்கிறது. டிவிடெண்டைக் கடனில் கொடுக்கவில்லை. சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுக்கிறார்கள், அதனால் ஒரு வருஷம் அடி வாங்கினாலும் அடுத்த வருஷம் கொடுக்க மிச்சமிருக்கும். ராணுவத்துக்கு மட்டும் இல்லாமல், வெளிநாட்டு விமானக் கம்பெனிகளுக்கும் பாகம் செய்கிறார்கள்; ஒருத்தன் திருப்பினால் இன்னொருத்தன் இருக்கிறான். எனக்குப் பிடிக்காதது ஒன்று இருக்கிறது. ஆர்டர் கையில் இருக்கிறது என்று பெரிசாகப் போட்டிருக்கிறார்களே, அதில் எவ்வளவுக்கு முன்பணம் வந்திருக்கிறது என்று தேடினால் கொஞ்சம்தான் இருக்கிறது. முன்பணம் தராத ஆர்டர் வாய்ப்பேச்சு மாதிரி. நம் ஊரில் எந்த ஏஜென்ட்டைக் கேட்டாலும் சொல்வார். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், கல்யாணப் பணத்தை இதில் போடாதே. கல்யாணம் முடிந்து, உங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நாலைந்து வருஷம் தொடாமல் இருக்க முடிகிற பணமாக இருந்தால் கொஞ்சம் வாங்கு. வாங்குகிறதை உன் பெயரில், உன் முகவரியில், நீயே வாங்கு. கணக்குத் தாளை வேறு யார் முகவரிக்கும் போக விடாதே, என் முகவரிக்கும்கூட. வருஷா வருஷம் அறிக்கை வந்ததும் உட்கார்ந்து வாசி. வாசித்துவிட்டு உனக்கு உறுத்தினால், யார் வந்து என்ன சொன்னாலும் உன் உறுத்தலை விடாதே.

நம் பழைய ஷேர்களை, உன் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் சேர்த்தபோது ஒரு ஷேர் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றேன். ஆஸ்பத்திரியில் ரவி மூன்று நாள் இருந்தான். உன் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அவர் மன்னித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் காடு போய்ச் சேர்ந்த அன்றைக்கு எல்லாரையும்விட ரவிதான் அதிகமாக அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு கஷ்டம். முழுக்கக் கெட்டவனாக இருந்திருந்தால் நான் என்றைக்கோ தலை முழுகியிருப்பேன். அவன் என்மேல் பாசம் வைத்துக்கொண்டேதான் அதைச் செய்தான். இப்போது உன்மேலும் பாசம் வைத்துக்கொண்டுதான் ஒரு கம்பெனி சொல்கிறான். அவன் கையில் அந்த ஷேர் எவ்வளவு இருக்கிறது, அதை யாருக்கு விற்கப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாது. இந்தத் தடவை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். என் தம்பியைப் பற்றி இப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு மிஞ்சினது.

கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாய்மாமன் இல்லாமல் உன் மேடை நிற்கக் கூடாது என்று உன் அப்பா நினைத்ததை நான் மாற்ற மாட்டேன். ஆனால் நீ ஒன்று செய். இதை வாசித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணாதே. உன் மாமனுக்குப் பண்ணு. பழைய ஷேரைப் பற்றி அம்மா ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லு. என்ன எழுதியிருக்கிறேன் என்று சொல்லாதே. அவனைப் பேச விடு. அவன் நடந்ததை நடந்தபடி சொன்னால், நானே விருதுநகர் போய் அவன் வீட்டில் பத்திரிகை வைத்து, வாலே என்று கூப்பிட்டு வருகிறேன். வேறு ஏதாவது கதை சொன்னான் என்றால், அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொள். கேட்டுவிட்டு நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அவன் என்ன சொன்னான் என்பதை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே. இன்னொரு தடவை அதைத் தாங்க என்னால் முடியாது.

அம்மா